ஓடும் ரயிலில் அமர்ந்திருப்பவர் நகர்கிறாரா? நிலத்தை அசையாததாகக் கொள்வது பற்றி ஒரு விவாதம்

1. செங்காங் வாசகி

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளின் இயற்பியல் பயிற்சித்தாளில் வந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டில் வாரக்கடைசி முழுவதையும் எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு ரயில் பாதையில் ஓடும் ரயிலில் ஒரு பயணி இருக்கையில் அமர்ந்திருக்கிறார். அவர் ஓய்வில் இருக்கிறாரா, இயக்கத்தில் இருக்கிறாரா என்பது கேள்வி. "இரண்டும்" என்று மகள் எழுதினாள். துணைப்பாட ஆசிரியர் அதை அடித்துவிட்டு "இயக்கத்தில்" என்று திருத்தியிருக்கிறார். காரணம் கேட்டதற்கு, வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால் நிலத்தை வைத்தே பார்க்க வேண்டும் என்றாராம்.

மதிப்பெண் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நிலத்துக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் ஐயம். நாம் நிற்கும் நிலமே பூமியின் சுழற்சியால் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. பூமியோ சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. இப்படியிருக்க, மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும் ரயிலை மட்டும் நகர்வதாகவும் நடைமேடையை நிற்பதாகவும் சொல்வதற்கு என்ன நியாயம்? என் மாமனார், இதையெல்லாம் ஆரியபட்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார் என்று கூறி விவாதத்தை மேலும் வளர்த்தார். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

2. முன்னாள் இயற்பியல் ஆசிரியர்

உங்கள் மகளின் விடை சரியானதே. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. எதனோடு ஒப்பிட்டால் ஓய்வு, எதனோடு ஒப்பிட்டால் இயக்கம் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் அதை யாரும் அடித்திருக்க முடியாது. பெட்டியோடு ஒப்பிட்டால் பயணி ஓய்வில் இருக்கிறார். தண்டவாளத்தோடு ஒப்பிட்டால் இயக்கத்தில் இருக்கிறார். குறிப்புப் புள்ளியைச் சொல்லாமல் திசைவேகத்தைச் சொல்லவே முடியாது.

நிலத்துக்கு அதிகாரம் கொடுத்தவர்கள் நாம்தான், அதுவும் வசதிக்காக. 1632-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் கலிலியோ, ஒரு கப்பலின் மேல்தளத்துக்குக் கீழே உள்ள மூடிய அறையைக் கற்பனை செய்யச் சொன்னார். அங்கே வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன, தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன, தொங்கும் குடுவையிலிருந்து நீர் சொட்டுகிறது. கப்பல் நின்றாலும் சரி, அலைக்கழிப்பின்றிச் சீரான வேகத்தில் ஓடினாலும் சரி, அந்த அறைக்குள் நடப்பவற்றில் எந்த வேறுபாட்டையும் காண முடியாது. நம் ரயிலிலும் அப்படித்தான். பீஷானை விட்டுப் புறப்பட்டு வேகமெடுக்கும்போது உடல் பின்னோக்கிச் சாய்கிறது. வேகம் நிலைபெற்ற பிறகு கையிலுள்ள நாணயத்தை நழுவவிட்டால் அது காலடியிலேயே விழுகிறது. வேகம் மாறுவதைத்தான் உடல் உணர்கிறது, வேகத்தை உணர்வதே இல்லை.

ஆகவே, 1,670 கிலோமீட்டர் என்ற பெரிய எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நாம் பார்க்க வேண்டியது முடுக்கத்தை. பூமியின் சுழற்சியால் நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு ஏற்படும் முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 0.034 மீட்டர்தான், நிலையத்தை விட்டுக் கிளம்பும் ரயிலின் முடுக்கம் ஏறத்தாழ 1 மீட்டர், அதாவது 30 மடங்கு. சூரியனைச் சுற்றும் இயக்கத்தின் முடுக்கம் இன்னும் சிறியது, 0.006 மீட்டர். அதையும் நாம் உணர்வதில்லை. பூமியும் நாமும் ஒன்றாகவே சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால், அதன் மிச்சம் கடல் ஏற்றவற்றத்தில் மட்டுமே தெரிகிறது. ரயிலைப் பற்றிய கணக்குக்கு இந்தச் சிறு முடுக்கங்கள் பொருட்டல்ல என்பதால்தான் நிலத்தை அசையாததாகக் கொண்டாலும் விடை பிழைபடுவதில்லை.

உங்கள் மாமனார் சொன்னதும் உண்மை. 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில், முன்னே செல்லும் படகில் இருப்பவன் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னே போவதாகக் காண்பது போல, இலங்கையில் இருப்பவன் அசையா விண்மீன்கள் நேர் மேற்கே போவதாகக் காண்கிறான் என்று ஒரு செய்யுள் உண்டு. அங்கே குறிக்கப்படும் இலங்கை, உஜ்ஜயினியின் தீர்க்கரேகை நிலநடுக்கோட்டை வெட்டும் இடமாக வானநூலார் வைத்துக்கொண்ட புள்ளி. நிலநடுக்கோட்டுக்கு 1.35 டிகிரி வடக்கே, விண்மீன்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து செங்குத்தாக மறையும் நம் தீவில் அந்தக் காட்சியை அப்படியே காணலாம், மேகம் வழிவிட்டால்.

3. தோ பாயோ தாத்தா

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது என்னை வேறு ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. குறிப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது நம் வசதிதான் என்றால், பூமி நிற்கிறது, வானம்தான் சுற்றுகிறது என்று சொன்ன தாலமியின் கூற்றும் சரிதானே? கொப்பர்னிக்கஸ் உண்மையில் எதைக் கண்டுபிடித்தார்? குறிப்புப் புள்ளியை இடம் மாற்றி வைத்தார், அவ்வளவுதானே? குதர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. எல்லாம் ஒப்பீடுதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டு, பூமி சுற்றுகிறது என்பதை மட்டும் மாற்றமுடியாத உண்மையாகப் படிக்கச் சொல்வது எனக்கு முரணாகத் தெரிகிறது.

4. முன்னாள் இயற்பியல் ஆசிரியர்

தாத்தா அவர்களே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். "எல்லாம் ஒப்பீடுதான்" என்ற வாசகம் பாதி உண்மை. அந்தப் பாதியை முழுதாக நினைத்துக்கொள்வதால்தான் இந்த முரண் தோன்றுகிறது. சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் இயக்கம் ஒப்பீட்டுக்கு உட்பட்டது. சுழற்சி அப்படிப்பட்டதன்று. வெளியே எட்டிப் பார்க்காமல், மூடிய அறைக்குள்ளேயே இருந்துகொண்டு அதைக் கண்டறிய முடியும்.

1831-இல் ஃபெர்டினான்ட் ரைஷ் என்பவர் ஜெர்மனியின் ஃபிரைபெர்க் நகரில் ஏறத்தாழ 158 மீட்டர் ஆழமான சுரங்கத்தில் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். அவை தூக்குநூல் காட்டிய புள்ளியிலிருந்து சராசரியாக 28 மில்லிமீட்டர் கிழக்கே தள்ளி விழுந்தன. 1851-இல் லியோன் ஃபூக்கோ, பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஊசலின் தளம் மணிக்கு 11 டிகிரிக்குச் சற்று மேலாகத் திரும்பியதை மக்கள் கூடி நின்று பார்த்தனர். இரண்டு சோதனைகளிலும் வானத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

நிலத்தை அசையாததாகக் கொள்வதற்குத் தடை ஏதும் இல்லை; அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சுழலும் குறிப்பாயத்தில் (இயக்கத்தை எதை வைத்து அளக்கிறோமோ அந்தச் சட்டகத்தில்) நின்றுகொண்டு நியூட்டனின் விதிகளைப் பயன்படுத்த விரும்புபவர், சுழல் அச்சிலிருந்து வெளியே தள்ளும் மையவிலக்கு விசை, நகரும் பொருளைப் பக்கவாட்டில் திருப்பும் கோரியாலிஸ் விசை என இரண்டு கூடுதல் விசைகளைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். மற்ற விசைகளுக்கெல்லாம் இழுக்கவோ தள்ளவோ ஒரு பொருள் இருக்கும். இவை இரண்டுக்கும் அப்படி எதுவும் இல்லை. வானிலை ஆய்வாளர்கள் இந்த விலையை மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தேவை நிலத்தில் நிற்பவர் உணரும் காற்று.

இதே வழியில் வெகுதூரம் போனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். நெப்டியூன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 450 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியைச் சுழலாததாகக் கொண்டால், அந்தக் கோள் 23 மணி 56 நிமிடத்தில் நம்மை ஒரு முறை சுற்றிவர வேண்டும். அதற்கு நொடிக்கு 3,28,000 கிலோமீட்டர் வேகம் தேவை. ஒளியின் வேகமே நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர்தான். இதனால், ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற சார்பியல் விதி மீறப்பட்டுவிடாது, ஏனென்றால் இது சுழலும் குறிப்பாயத்தில் எழுதப்பட்ட எண் மட்டுமே. ஆனால் ரயிலுக்கும் நடைமேடைக்கும் எளிமையைத் தந்த அதே குறிப்பாயம், கோள்களிடம் போனதும் கணக்கை எவ்வளவு சிக்கலாக்கிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது. கொப்பர்னிக்கஸ் கொடுத்த மாற்றம் இல்லாவிட்டால், கெப்லரின் விதிகளும் நியூட்டனின் ஈர்ப்பும் கண்ணில் பட்டிருப்பது அரிது.

5. நீரிணை மாலுமி

வகுப்பறையில் இது ஒரு தேர்வுக் கேள்வி. எங்கள் தொழிலில் உயிர்ப் பிரச்சினை. வணிகக் கப்பல்களில் அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் நீரிணையில் ஒரே கப்பலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று நீரோடு ஒப்பிட்ட வேகம். மற்றொன்று நிலத்தோடு, அதாவது கடலடித் தரையோடு ஒப்பிட்ட வேகம். நீரோட்டம் 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் கப்பலை நீரின் ஊடே 12 நாட் வேகத்தில் தள்ளுகிறது. ஜிபிஎஸ் காட்டுவதோ 9 நாட். இரண்டும் உண்மை. துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம், பாறையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோம் என்பவற்றுக்கு இரண்டாவது எண்தான் வேண்டும், ஏனென்றால் பாறை நிலத்தோடு ஒட்டியது. சுக்கான் கப்பலுக்கு எவ்வாறு கட்டுப்படும் என்பதற்கு முதல் எண், ஏனென்றால் சுக்கானைத் தள்ளுவது நீர்.

ராடாரில் இந்தத் தேர்வை நாமே செய்ய வேண்டும். திரையிலுள்ள மற்றக் கப்பல்களின் திசைவேகக் கோடுகளை நீரை ஆதாரமாகக் கொண்டும் காட்டலாம், நிலத்தை ஆதாரமாகக் கொண்டும் காட்டலாம். மோதல் தவிர்ப்புக்கு நீரையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். வழிவிடும் விதிகள் ஒரு கப்பலின் முகம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. நிலத்தை ஆதாரமாகக் கொண்டால், பக்கவாட்டில் நீரோட்டம் தள்ளும்போது திரையிலுள்ள கோடு ஒரு பக்கமும் கப்பலின் முகம் மறுபக்கமுமாக இருக்கும். இரவில் அந்தக் கோட்டை நம்பி, எதிரே வருவது சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளில் எந்த விளக்கைக் காட்டும் என்று கணித்தால் ஏமாற நேரிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, நம் சொந்தக் கப்பலையே அசையாப் புள்ளியாகக் கொள்வது. 1972-ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, நெருங்கிவரும் கப்பலின் திசைகாட்டிக் கோணம் குறிப்பிடத்தக்க அளவில் மாறாமல் இருந்தால் மோதல் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும். எதிரே வருபவர் நிலத்தோடு ஒப்பிட்டு எத்தனை நாட் வேகத்தில் வருகிறார் என்பது அந்த விதிக்குத் தேவையே இல்லை. கோணம் மாறவில்லை, தூரம் குறைகிறது என்றால், அவர் நேரே நம்மை நோக்கித்தான் வருகிறார்.

எனவே தாத்தா ஐயா கேட்டதற்கு என் பதில் இது. குறிப்புப் புள்ளியை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பது உண்மை. ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதே எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

6. தொடக்கக்கல்லூரி மாணவன்

ஒரு சிறிய கேள்வி. சாங்கிக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் அப்படியே அந்தரத்தில் நின்றால், அதற்குள் பூமி 1,670 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்திருக்குமே. இறங்கும்போது அது சுமத்ராவையும் தாண்டி இந்தியப் பெருங்கடலில் அல்லவா இறங்க வேண்டும்? அப்படி நடப்பதில்லை என்பது தெரியும். காரணத்தை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியவில்லை.

7. விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்

தம்பி, ஹெலிகாப்டர் தரையிலிருந்து கிளம்பும்போதே அந்த 1,670 கிலோமீட்டர் வேகத்தையும் உடன் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறது. அதைச் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அந்த வேகத்தைப் பறிப்பதற்கு எதுவும் இல்லாதபோது அது ஏன் பின்தங்க வேண்டும்? ஆசிரியர் சொன்ன ரயில் நாணயமும் இதுவும் ஒன்றே.

விமானத்திலும் மாலுமி ஐயா சொன்னது போல இரண்டு வேகங்கள் உண்டு. இறக்கையைத் தூக்கி நிறுத்துவது காற்றோடு ஒப்பிட்ட வேகம். பயணியின் முன்னுள்ள திரையில் தெரிவது தரையோடு ஒப்பிட்ட வேகம். இங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ செல்லும் பயணத்தைவிட அங்கிருந்து திரும்பும் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீள்வதைப் பலர் பூமியின் சுழற்சியால் என்று நினைக்கிறார்கள். காரணம், வட பசிபிக்குக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வளிக் காற்றோட்டம். அந்தக் காற்று ஏன் அந்தத் திசையில் வீசுகிறது என்று தோண்டினால் மீண்டும் பூமியின் சுழற்சியில்தான் போய் நிற்போம், ஆனால் அது வேறு கதை.

சுழற்சி விமானத்தை நேரடியாகத் தொடும் இடமும் ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டி மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே பறக்கும்போது, பூமியின் வேகத்தோடு நம் வேகமும் சேர்ந்துகொள்வதால் மையவிலக்கு கூடுகிறது. தரையில் 70 கிலோகிராம் காட்டும் எடைப்பொறி அங்கே இந்த விளைவால் மட்டும் ஏறத்தாழ 330 கிராம் குறைத்துக் காட்டும். மேற்கே அதே வேகத்தில் பறந்தால் ஏறத்தாழ 190 கிராம் கூட்டிக் காட்டும். ஹங்கேரிய அறிஞர் லோராண்ட் ஈட்வெஷ், ஓடும் கப்பல்களில் எடுக்கப்பட்ட ஈர்ப்பு அளவீடுகளை ஆராய்ந்தபோது இதைக் கண்டுகொண்டார். 1908-இல் கருங்கடலில் நடந்த சோதனை அதை உறுதிசெய்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இங்கிருந்து மேற்கே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் விமானம், பூமியோடு சுழலாமல் வெளியே நின்று பார்ப்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 770 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது, வாலை முன்னே வைத்துக்கொண்டு! உண்மையாகவே மேற்கே போக வேண்டுமானால் 1,670-ஐ மிஞ்ச வேண்டும். 1970-களின் இறுதியில் பஹ்ரைன் வழியாக லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறந்த கான்கோர்ட் விமானத்துக்கு அந்தத் திறன் இருந்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு 2,100 கிலோமீட்டரைத் தாண்டியது.

8. நில அளவையாளர்

இவ்வளவு நேரம் எல்லோரும் "நிலம்" என்று ஒரு பொருளைப் போலப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நிலத்தை அளந்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அந்த நிலமே ஒரு தொல்லை.

சிங்கப்பூரின் நில அளவை எஸ்விஒய்21 என்னும் ஆயத்தொலை முறையில் நடக்கிறது. தீவின் நடுவே, 1 டிகிரி 22 நிமிடம் வடக்கு, 103 டிகிரி 50 நிமிடம் கிழக்கு என்ற புள்ளி அதன் தொடக்கம். ஆனால் அந்தப் புள்ளிக்குச் சுழி என்ற மதிப்பு கொடுக்கப்படவில்லை, கிழக்கே 28,001.642 மீட்டர், வடக்கே 38,744.572 மீட்டர் என்ற மதிப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. துவாஸ் முனையிலும் எதிர்மறை எண் வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குறிப்புப் புள்ளி என்பது மனிதர் எடுக்கும் முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடானாலும் தரைவீடானாலும், அதன் மனையின் எல்லைக்கற்கள் இந்த எண்களில்தான் பதிவாகியிருக்கின்றன.

தொல்லை எங்கே என்றால், நிலம் நகர்கிறது. நாம் இருக்கும் சுண்டா தட்டு என்னும் புவியோட்டுத் துண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. ஜிபிஎஸ் துணைக்கோள்கள் நம் தட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அவை பூமி முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டகத்தில் இடத்தைச் சொல்கின்றன. ஆகவே பூமியை வைத்துப் பார்த்தால் உங்கள் வீடு ஆண்டுதோறும் இடம் மாறுகிறது. பக்கத்து வீட்டை வைத்துப் பார்த்தால் மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் இது பெரிதாகவே வெடித்தது. அந்தக் கண்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடகிழக்கே போகிறது. 1994-இல் கண்டத்தோடு கட்டிப்போட்ட ஆயத்தொலைகளுக்கும் 2020-இன் உண்மை இடத்துக்கும் 1.8 மீட்டர் வேறுபாடு வந்துவிட்டதால், புதிய சட்டகத்துக்கு மாறினார்கள். தானாக ஓடும் வாகனத்துக்கு 1.8 மீட்டர் என்பது அடுத்த தடத்துக்குள் நுழையும் தூரம்.

தட்டு மெதுவாக நகர்வது ஒரு வகை. திடீரென்று குதிப்பது இன்னொரு வகை. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் புக்கெட் ஏறத்தாழ 27 சென்டிமீட்டரும் லங்காவி ஏறத்தாழ 17 சென்டிமீட்டரும் இடம் பெயர்ந்தன. மலேசியா தன் ஆயத்தொலைகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

உயரமும் இப்படித்தான். புக்கித் தீமா குன்றின் உயரம் 163.63 மீட்டர் என்கிறோம். அது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டது. அந்தக் குன்று, தீவு முழுவதோடும் சேர்ந்து, நிலவின் ஈர்ப்பால் நாளுக்கு இருமுறை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. நடைமேடை, தண்டவாளம், பயணி, அளவுகோல் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்குவதால் யாருக்கும் தெரிவதில்லை. துல்லிய ஜிபிஎஸ் கணக்கில் மட்டும் அதைக் கழித்தாக வேண்டும்.

9. தோ பாயோ தாத்தா

நான் விடுவதாக இல்லை. ஆசிரியர் ஐயா, சுழற்சியை மூடிய அறைக்குள்ளேயே கண்டறியலாம் என்றீர்கள். அந்த ஃபூக்கோ ஊசலை இங்கே தோ பாயோவில் தொங்கவிட்டால் என்ன காட்டும்?

10. முன்னாள் இயற்பியல் ஆசிரியர்

கிட்டத்தட்ட ஒன்றும் காட்டாது, தாத்தா. அதில்தான் நம் ஊரின் தனிச்சிறப்பே இருக்கிறது.

ஊசலின் தளம் திரும்பும் வேகம் அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. துருவத்தில் அது ஒரு நாளில் முழுச் சுற்றை முடிக்கும். பாரிஸில் ஏறத்தாழ 32 மணி நேரம் ஆகும். 1.35 டிகிரியில் சைனின் மதிப்பு 0.0236 மட்டுமே என்பதால், இங்கே ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 42 நாள்கள் தேவை, மணிக்கு 0.35 டிகிரி. ஊசலைத் தொங்கவிடும் பிடிமானத்தில் இருக்கும் சிறு கோணல் கூட இதைவிடப் பெரிய விலகலை உண்டாக்கிவிடும். கழுவுதொட்டியில் நீர் சுழலும் திசையைக் காட்டிப் பூமியின் சுழற்சியை நிரூபிப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அது எந்த ஊரிலும் தொட்டியின் வடிவத்தையும் நீரின் தொடக்க அசைவையும்தான் பின்பற்றுகிறது.

சூறாவளிகள் நம்மை விட்டுவைப்பதற்கும் இதுவே காரணம். காற்றைத் திருப்பிச் சுழலவைக்கும் கோரியாலிஸ் விசையின் கிடைமட்டப் பகுதி இங்கே மிகச் சிறியது. ஆயினும் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற சூறாவளி, வடக்கே ஏறத்தாழ ஒன்றரை டிகிரியிலேயே உருவாகி, நமக்கு வடகிழக்கே 60 கிலோமீட்டர் தொலைவில் ஜொகூர் கரையைக் கடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துத் தென்சீனக் கடலின் குறுகிய பகுதியில் பாய்ந்தபோது, போர்னியோவை ஒட்டி ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த காற்றுச்சுழல் அங்கே வந்து சேர்ந்தது. அதனால் பூமியின் சுழற்சியிலிருந்து பெற வேண்டியதை அது வேறு வழியில் பெற்றுக்கொண்டது.

ஆனால் கோரியாலிஸ் விசையின் மறுபாதி அட்சரேகையின் கொசைன் மதிப்பைப் பொறுத்தது. அது இங்கே ஏறத்தாழ உச்சத்தில் இருக்கிறது. ரைஷின் சோதனைக்குச் சிங்கப்பூரைவிட நல்ல இடம் கிடைக்காது. ராஃபிள்ஸ் பிளேஸில் 280 மீட்டர் உயரக் கட்டடங்கள் மூன்று இருக்கின்றன. அவற்றின் உச்சி, பூமியின் மையத்திலிருந்து அத்தனை மீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பதால், தரையைவிட நொடிக்கு 2 சென்டிமீட்டர் கூடுதல் வேகத்தில் கிழக்கே போகிறது. காற்றே இல்லாத ஒரு குழாயில் அங்கிருந்து ஒரு குண்டை விட்டால், அது ஏழரை நொடி விழுந்து, தூக்குநூலின் அடியிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கிழக்கே போய் விழும். ஊசல் இங்கே வாய் திறக்காவிட்டாலும் விழும் குண்டு பேசும். விமானத் தொழில்நுட்பர் சொன்ன 330 கிராமில் பெரும்பகுதியும் இதே கொசைன் பகுதியின் வேலைதான்.

ஏவுகணைக்காரர்களும் இந்தப் பக்கத்தைத்தான் விரும்புகிறார்கள். 2015 டிசம்பரில் சிங்கப்பூரின் டெலியோஸ்-1 துணைக்கோள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏவுகணையில் கிளம்பியபோது, அது தரையை விட்டு எழும் முன்பே கிழக்கு நோக்கி நொடிக்கு 450 மீட்டர் வேகம் அதற்கு இலவசமாகக் கிடைத்திருந்தது.

11. செங்காங் வாசகி

அனைவருக்கும் நன்றி. மகள் எல்லாவற்றையும் படித்தாள். திருத்திய விடையாக, "ரயில் பெட்டியோடு ஒப்பிட்டால் பயணி ஓய்வில் இருக்கிறார், நிலத்தோடு ஒப்பிட்டால் இயக்கத்தில் இருக்கிறார், குறிப்புப் புள்ளி சொல்லப்படாத இடத்தில் நிலத்தைக் கொள்வது வழக்கம்" என்று எழுதியிருக்கிறாள். மூன்றாவது பகுதியைச் சேர்க்கச் சொன்னது நான். தேர்வுத்தாளைத் திருத்துபவருக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா. அவளிடம் இப்போது புதிய கேள்வி ஒன்று முளைத்திருக்கிறது. வேகத்துக்குக் குறிப்புப் புள்ளி தேவை. சுழற்சிக்குத் தேவையில்லை என்கிறீர்கள். அப்படியானால் பூமி எதனோடு ஒப்பிட்டுச் சுழல்கிறது?

12. முன்னாள் இயற்பியல் ஆசிரியர்

உயர்நிலை மூன்றில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை இனி யாரும் திருத்த வேண்டியதில்லை. நியூட்டன் 1687-இல், முறுக்கிய கயிற்றில் தொங்கும் வாளியைச் சுழலவிட்டு, உள்ளே நீரின் மேற்பரப்பு குழிவதைக் காட்டி, அது வெளியின் மீதே நிகழும் சுழற்சி என்றார். எர்ன்ஸ்ட் மாக் 1883-இல் அதை மறுத்து, அண்டத்திலுள்ள மற்றப் பொருள்களோடு ஒப்பிட்ட சுழற்சி என்றே சொல்ல வேண்டும் என்றார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் இருவருக்கும் இடையே எங்கோ நிற்கிறது. சுழலும் பூமி தன் அருகிலுள்ள வெளியையும் மிக மெல்ல இழுத்துச் சுழற்றும் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி துணைக்கோளின் சுழலிகள் (கைரோஸ்கோப்புகள்) அதை அளந்தன. 2011-இல் வெளியான முடிவின்படி அது ஆண்டுக்கு ஒரு டிகிரியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு.

13. நில அளவையாளர்

தத்துவம் எப்படி இருந்தாலும் நடைமுறையில் விடை உண்டு. பூமியின் சுழற்சியை, நூறு கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் குவேசார்கள் என்னும் மிகப் பிரகாசமான விண்மீன்மண்டல மையங்களோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள்; கண்டங்களுக்கு இடையே பரவிக்கிடக்கும் வானொலித் தொலைநோக்கிகள் ஒரே குவேசாரை ஒரே நேரத்தில் கேட்டு, அலை வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து பூமியின் கோணத்தைக் கணிக்கின்றன. அவ்வளவு தொலைவிலுள்ளவை நம் கண்ணுக்கு இடம் மாறுவதில்லை. அப்படி அளந்ததில்தான், அணுக்கடிகாரத்தோடு ஒப்பிடும்போது பூமி சற்றுத் தாமதிப்பது தெரிந்து, 1972 முதல் 27 முறை உலக நேரத்தில் ஒரு நொடி சேர்த்தார்கள். கடைசியாகச் சேர்த்தது சிங்கப்பூர் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 8 மணிக்கு முந்தைய நொடியில். அன்று காலை 7 மணி 59 நிமிடத்துக்கு 61 நொடிகள் இருந்தன.